ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோடு



நம் பக்கத்துப் பெண்களுக்குச் சிங்கப்பூர் என்றால் கோடாலித் தைலமும், பெட்டியில் வரும் சேலையும், மாசம் பிறந்தால் வரும் பணமும்தான். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கமெல்லாம் வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றிவிட்டால் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடணும், இல்லையென்றால் பிழைப்புத் தேடி வெளியே போகணும். அப்படிக் கடல் தாண்டிப் போன நம் ஆண்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? சென்ற ஆண்டு சிங்கப்பூர் போனபோது அந்த வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என்னோடு பத்தாவது வரை படித்த தோழி, கல்யாணமாகி அங்கே குடும்பத்தோடு இருக்கிறாள். அவளும் நானும் ஒரு ஞாயிறு சாயங்காலம் சிராங்கூன் ரோட்டை நடந்தே சுற்றினோம்.

புறப்படும்போதே அவள் சொன்னாள்: "எங்க பிளாக்ல இருக்கிற நம்மாளுங்களே ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் போக மாட்டாங்கடி. ஒரே கூட்டம்பாங்க. நீ கூட்டத்தைத்தான் பாக்கணும். வா."

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இறங்கியதுமே பெயர்ப் பலகையில் தமிழ்! அங்கே ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்று நான்கும் ஆட்சி மொழிகள். மணி ஆறரை ஆகியும் வெயில் இறங்கவில்லை. வருஷம் பூராவும் ஏழு மணி வாக்கில்தான் பொழுது சாயுமாம். நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முந்திய ஊர் அது. இங்கே நாம் சாயங்காலக் காபிக்குப் பால் காய்ச்சும் நேரம் அங்கே கிட்டத்தட்ட விளக்கு வைக்கும் நேரம்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பஃபலோ ரோடு. முருங்கைக்காய், வாழையிலை, கருவேப்பிலை, நம் நாட்டிலிருந்து விமானமேறி வந்த மல்லிகை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அடுத்த தெருவின் பெயர் கெர்பாவ் ரோடு. "கெர்பாவ்னா மலாய்ல எருமை. எருமை ரோட்டுக்கு அடுத்தது எருமை ரோடு" என்று தோழி சிரித்தாள். அந்தக் காலத்தில் இது மாட்டு வியாபாரம் நடந்த இடம். அந்தத் தெருவிலேயே வானவில் மாதிரிப் பல வண்ணம் பூசிய ஒரு வீடு. 1900இல் ஒரு சீன மிட்டாய் முதலாளி கட்டியது. நம்மாட்கள் மட்டுமில்லை, எல்லோரும் கலந்து வாழ்ந்த இடம் இது.

சிராங்கூன் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் வீரமாகாளியம்மன் கோயில். 1881ஆம் வருஷத்துக் கோயில். கூலி வேலைக்கு வந்த இந்தியர்கள் கட்டிக் கும்பிட்டது. துணைக்கு ஆளில்லாத ஊரில் முதலில் தாயைத்தான் தேடியிருக்கிறார்கள். சந்நிதியில் கைகூப்பி நின்றவர்களில் முக்கால்வாசி இருபது முப்பது வயது ஆண்பிள்ளைகள்.

வெளியே வந்தால் தெரு முழுக்க அவர்கள்தான். கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஞாயிறுதான் ஓய்வு. ஊர் ஓரத்து விடுதிகளிலிருந்து பஸ் பிடித்து வந்து பணம் அனுப்புகிறார்கள், முடி வெட்டிக்கொள்கிறார்கள், நம் ஊர்ச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். அவ்வளவு நெரிசலிலும் எங்கள் இருவரையும் பார்த்து ஒருவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. "அக்கா, வாங்க" என்று ஒதுங்கி வழி விட்டார்கள்.

காலி மைதானத்துப் புல்தரையில் கும்பல் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் போன், ஒவ்வொரு போனிலும் ஒரு குழந்தை முகம். நாங்கள் ஓரமாக உட்கார்ந்ததும் ஒரு தம்பி, "அக்கா, பேச்சு நம்ம பக்கம் மாதிரி இருக்கே, எந்த ஊரு?" என்றார். திருச்சுழிப் பக்கம் என்றேன். "நான் நரிக்குடிக்கா!" என்று எழுந்தே நின்றுவிட்டார். போய் மூன்று வருஷம் ஆகிறதாம். மகள் பிறந்ததைப் போனில்தான் பார்த்தாராம். ஏஜண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் இப்போதுதான் தீர்ந்திருக்கிறது. "வீட்டுல எல்லாம் சொல்லுவீங்களா தம்பி?" என்று கேட்டேன். "சொன்னா அழுவாக்கா. நல்லாருக்கேன்னு சொல்லிட்டு வச்சிருவேன்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது.

என் தோழியின் கணவர் அதிகச் சம்பள வேலையில் இருப்பதால் அவள் கூட இருக்க முடிகிறது. இந்தத் தம்பி போல 'வொர்க் பர்மிட்'டில் போகிறவர் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள அந்த நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஒரே அறையில் பல பேர் தங்குகிறார்கள். லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. 2013 டிசம்பர் 8 ராத்திரி, இதே வட்டாரத்தில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து பெரிய கலவரமாகி, பல பேரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். 2015இலிருந்து வார இறுதியில் அங்கே தெருவில் மது குடிக்கத் தடை. 2020இல் கொரோனா வந்தபோது மாசக்கணக்கில் விடுதிக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள். அந்த வருஷக் கடைசிக்குள் விடுதிகளில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் தொற்றியிருந்தது. இதெல்லாம் நாம் செய்தியில் படித்தவைதான். புல்தரையில் அந்த முகங்களைப் பக்கத்தில் பார்க்கும்போதுதான் அது உறைக்கிறது.

இதை எழுதுவது அனுப்பாதீர்கள் என்று சொல்ல இல்லை. அந்தச் சம்பாத்தியத்தில்தான் நம் தெருவில் எத்தனையோ ஓட்டு வீடு மாடி வீடாச்சு, எத்தனையோ பெண்பிள்ளைகள் காலேஜ் போகிறார்கள். ஆனால் நகையை அடகு வைக்கிறது பெரும்பாலும் நாம்தானே? வைக்கும் முன்னால் நாமே காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கணும். ஏஜண்டு இந்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது விதி. அதற்குமேல் லட்சக்கணக்கில் கேட்டால் ஏன், எதற்கு, ரசீது உண்டா என்று கேளுங்கள். சிங்கப்பூர் மனிதவள அமைச்சகம், ஆள் புறப்படும் முன்பே முன் ஒப்புதல் கடிதம் ஒன்று கொடுக்கும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் இருக்கும். தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் அது கிடைக்கணும். ஏஜண்டு வாயால் சொன்ன சம்பளமும் அந்தக் கடிதத்தில் உள்ள சம்பளமும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால் வீட்டு வாசல்படி தாண்ட விடாதீர்கள்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததும் "பணம் போட்டாச்சா?" என்று நம் வாயில் முதலில் வந்துவிடுகிறது. மளிகைக் கடை பாக்கியும் பள்ளிக்கூட ஃபீஸும் நம்மை அப்படிக் கேட்க வைக்கின்றன, வாஸ்தவம்தான். ஆனாலும் அங்கே ஒருவர் ஆறு நாள் வெயிலில் நின்றுவிட்டு, அந்த ஒரு சாயங்காலத்துக்காகப் புல்தரையில் காத்திருக்கிறார். பணத்தை இரண்டாவதாகக் கேட்போம். முதலில் "சாப்பிட்டீங்களா? உடம்பு எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்போமே.

- ஒரு வாசகி,
திருச்சுழி வட்டம்