சாம்பலில் சாம்பல் சத்து எவ்வளவு?

பொட்டாஷுக்குத் தமிழில் சாம்பல் சத்து என்று பெயர். பெயரை நம்பி, எந்தச் சாம்பலைப் போட்டாலும் பொட்டாஷ் உரச் செலவு மிச்சம் என்று கருதுவோர் உண்டு. மணிமுத்தாறு, அம்பாசமுத்திரம் வட்டார நெல் விவசாயிகள், ஆலை உமிச் சாம்பலையோ உடை விறகுச் சாம்பலையோ வண்டியில் ஏற்றுமுன் அதில் இருப்பது என்ன என்று அறிந்துகொள்வது நல்லது.

கருப்பும் வெளுப்பும்

விறகையோ உமியையோ குறைந்த காற்றில் எரித்து, வரும் வாயுவால் என்ஜினை ஓட்டி மின்சாரம் எடுப்பது எரிவாயுக்கலன் முறை. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சியில் குடிநீர் இறைக்க 2003-ல் இத்தகைய கலன் அமைக்கப்பட்டது. இதில் கரி முழுவதும் எரியாததால் சாம்பல் கருப்பாக இருக்கும். கொதிகலனில் நன்கு எரிந்த சாம்பல் வெளுத்திருக்கும். எதுவானாலும் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும்.

உமிச் சாம்பல்

1,000 கிலோ நெல்லில் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். நன்கு எரிந்த உமிச் சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 பங்கு மணற்சத்தாகிய சிலிக்கா. சாம்பல் சத்து 1 முதல் 3 பங்குதான். சிலிக்கா நெற்பயிரின் தண்டுக்கும் இலைக்கும் உறுதி தரும். பயிர் சாய்வதும், குலை நோயும், தண்டுத் துளைப்பானும் குறையும். மிகுந்த சூட்டில் வெளுத்த சாம்பலின் சிலிக்கா இறுகி, எளிதில் கரையாது. மிதமான சூட்டில் எரிந்த கருஞ்சாம்பலே வயலுக்கு ஏற்றது. ஏக்கருக்கு 800 கிலோ வரை கடைசி உழவில் இடலாம். நாற்றங்காலில் இட்டால் மண் இளகி, நாற்றுப் பறிப்பது எளிதாகும்.

விறகுச் சாம்பல்

இதில் சுண்ணாம்பே மிகுதி. பெரும்பாலும் நூற்றுக்கு 25 முதல் 45 பங்கு. சாம்பல் சத்து 3 முதல் 8 பங்கு, மணிச்சத்து 1 முதல் 2 பங்கு. புளிப்பு நிலத்துக்கு இது மருந்து. களர் நிலத்துக்குக் கேடு. களரில் இட்டால் காரம் ஏறி, துத்தநாகச் சத்து பயிருக்குக் கிட்டாமல் போகும்.

கணக்குப் பாருங்கள்

50 கிலோ மூரியேட் ஆப் பொட்டாஷ் மூட்டையில் 30 கிலோ சாம்பல் சத்து உள்ளது. இதை ஈடுகட்ட, 2 பங்கு சத்துள்ள உமிச் சாம்பல் 1,500 கிலோ வேண்டும். 5 பங்கு சத்துள்ள விறகுச் சாம்பலானால் 600 கிலோ போதும். ஆனால் அதோடு 200 கிலோ அளவுக்குச் சுண்ணாம்பும் வயலில் சேரும்.

எச்சரிக்கை

யூரியா, அம்மோனியம் சல்பேட், தொழுவுரம் எதனுடனும் சாம்பலைக் கலக்கக் கூடாது. அதன் காரத்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மிச்சம் பிடிக்கப் போய் யூரியாவை இழக்க நேரிடும். சாம்பல் இட்டு இரண்டு வாரம் கழித்தே யூரியா இட வேண்டும். புகைபோக்கியில் படிந்த தூள், கலனின் வாயுக் கழுவு தொட்டியில் தங்கிய தார்ச் சேறு, பெயிண்ட் அடித்த மரத்தின் சாம்பல் ஆகியவை வயலுக்கு ஆகா.

எனவே முதலில் மண்ணைப் பரிசோதித்து அதன் கார அமில நிலையை அறியுங்கள். புளிப்பு மண்ணுக்கு விறகுச் சாம்பலும், நெல் வயலுக்கு உமிக் கருஞ்சாம்பலும் இடலாம். பொட்டாஷ் அளவை மண் பரிசோதனைப் பரிந்துரைப்படியே இடுவது நலம்.