கல் நொறுக்கி
எஃகு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கிய வகை.

சிறுநீர்ப்பைக் கல்லை உடலைக் கீறாமல் எடுக்க உதவிய கருவி. வளைந்த முனையைச் சிறுநீர்ப் பாதை வழியே செலுத்தி, இரு தாடைகளுக்கு இடையே கல்லைக் கவ்வி, கைப்பிடித் திருகை முறுக்கினால் கல் நொறுங்கும். உள்ளே எதையும் பார்க்க முடியாது. எல்லாம் மருத்துவரின் கை உணர்வுதான்.

அதற்கு முன் கத்திதான். ஆசனவாயில் விரல் விட்டுக் கல்லைக் கீழிறக்கி, ஆசனவாயின் முன்பகுதியில் இடப்பக்கமாகக் கீறி எடுக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. மருந்து பலிக்காதபோது மட்டும், அதுவும் அரசனின் அனுமதி பெற்றே செய்ய வேண்டும் என்கிறது. நோயாளி பிழைப்பது அவ்வளவு நிச்சயமற்றதாக இருந்தது.

1824இல் பாரிஸில் மருத்துவர் சிவியால் கல்லை உள்ளேயே உடைத்துக் காட்டினார். 1878இல் பாஸ்டனில் மருத்துவர் பிகலோ, உடைத்த துகள்களை அப்போதே உறிஞ்சி எடுத்து, ஒரே அமர்வில் சிகிச்சையை முடித்தார். இந்திய மருத்துவப் பணியில் இருந்த ஃப்ரேயர், ராம்பூர் நவாபின் கல்லை நீக்கி ஒரு லட்சம் ரூபாய் பெற்றார். அரசாங்கம் அதை ரசிக்கவில்லை.

அம்பத்தூர், ஆவடிப் பட்டறைகளின் வெக்கையில் போதிய தண்ணீர் குடிக்காமல் உழைப்போரை இன்று சிறுநீர்ப்பைக் கல்லைவிட அதிகம் வாட்டுவது சிறுநீரகக் கல். அதை உடைக்க, 1980இல் மியூனிக்கில் தொடங்கிய அதிர்வலைச் சிகிச்சையும் லேசரும் பயன்படுகின்றன.