இரண்டையும் சொல்லு!

‘சீட்டு’ என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்களே, தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் சீட்டைக் கண்டாலே திட்டு விழும் வீட்டுப் பிள்ளைதான். என் தாத்தா மங்காத்தா ஆடியே ஒரு காணி நிலத்தை விட்டவர். அதனால்தான் அப்பா படிப்பை விட்டுவிட்டு விருத்தாசலத்துக்குப் பீங்கான் சூளை வேலைக்கு வந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நானே சீட்டைப் பற்றி எழுதலாமா? எழுதத்தான் வேண்டும்.

நான் சொல்ல வந்தது காண்ட்ராக்ட் பிரிட்ஜ். இதற்குக் காசு வேண்டாம், மூளைதான் வேண்டும். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதல் முறையாக இடம் பெற்றது. அதில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தது. பர்தனுக்கு அப்போது வயது 60! அதற்கும் முன்னால் 2015-ல் உலக அணிகள் சாம்பியன்ஷிப் நம் சென்னையிலேயே நடந்தது. போலந்து அணி பெர்முடா கோப்பையை வென்றது.

ஜங்ஷன் பக்கம் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர்தான் எங்கள் நாலு பேருக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். நாங்கள் அவரை ‘சார்’ என்றே கூப்பிடுவோம்.

ஆட்டம் என்ன?

28 ஆடியவர்களுக்குச் சுலபமாகப் புரியும். எதிரெதிரே உட்காருபவர்கள் பார்ட்னர்கள். ஆளுக்கு 13 சீட்டு. முதலில் ஏலம், பிறகு ஆட்டம். 28-ல் துருப்பைக் கவிழ்த்து மறைத்து வைப்போம். பிரிட்ஜில் துருப்பு இனத்தைச் சொல்லியே கேட்க வேண்டும். கிளாவர், டைமன், ஆட்டின், ஸ்பேடு, கடைசியாகத் துருப்பில்லாத ஆட்டம் என்று ஏறுவரிசை. ‘4 ஸ்பேடு’ என்றால் 6-உடன் 4-ஐக் கூட்டி 10 பிடி எடுப்பேன் என்று பொருள். ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 எனக் கட்டு முழுவதிலும் 40 புள்ளி. ஸ்பேடிலோ ஆட்டினிலோ 10 பிடியும், கிளாவரிலோ டைமனிலோ 11 பிடியும் கேட்டு எடுத்தால் பெரிய போனஸ் உண்டு. கேட்காமல் எடுத்தால் அந்த போனஸ் கிடையாது.

பார்ட்னரிடம் வாய்விட்டுப் பேசக் கூடாது. ஏலக் கேள்விதான் நம் பேச்சு.

நான் கோட்டை விட்ட கை

ஒரு நாள் எனக்கு வந்த சீட்டு இது: ஸ்பேடில் ஆஸ், ராஜா, ஜாக்கி, 9, 4. டைமனில் ஆஸ், ராஜா, ராணி, 8, 3. ஆட்டினில் ஒத்தை 5. கிளாவரில் 7, 2. மொத்தம் 17 புள்ளி. என் முறை வருவதற்குள் எதிராளி ‘2 ஆட்டின்’ என்றான். கையில் சரக்கு குறைவு, ஆனால் 6 ஆட்டின் இருக்கிறது என்பது அதற்கு அர்த்தம். நாம் பேச இடம் இல்லாமல் அடைப்பதுதான் அவன் நோக்கம்.

நான் யோசிக்காமல் ‘2 ஸ்பேடு’ என்றேன். மற்ற மூவரும் பாஸ். எட்டுப் பிடி எடுத்தேன், கிடைத்தது 110. ஆட்டம் முடிந்து பார்ட்னர் சீட்டைப் பார்த்தால் ஸ்பேடு ஒன்றே ஒன்று. ஆனால் டைமன் 5, கூடவே கிளாவர் ஆஸ்! இரண்டு கையையும் சேர்த்தால் டைமன் பத்து. டைமனைத் துருப்பாக்கியிருந்தால் ஆட்டினில் ஒன்று, கிளாவரில் ஒன்று, ஆக இரண்டு பிடிதான் போயிருக்கும். என் சின்ன ஸ்பேடுகளை அவன் கைத் துருப்பால் வெட்டி 11 பிடி எடுத்திருக்கலாம். குறைந்தது 400.

“டேய், டைமன் இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல?” என்று கத்தினான் அவன். சார் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, உன் கையில ரெண்டு இனம் இருந்துச்சு. நீ ஒண்ணத்தான் சொன்ன. மிச்சத்த அவன் கனவா காண முடியும்?”

ஒரே கேள்வியில் இரண்டு இனம்

இதற்குத்தான் ‘லீப்பிங் மைக்கேல்ஸ்’ என்ற முறை இருக்கிறது. எதிராளி 2 ஆட்டின் கேட்டால், 3-ஐத் தாண்டி ஒரே தாவாக 4 கிளாவர் கேட்பது ‘கிளாவரும் ஸ்பேடும்’. 4 டைமன் கேட்பது ‘டைமனும் ஸ்பேடும்’. அவன் 2 ஸ்பேடு கேட்டால் அதே கேள்விகள் கிளாவருடனோ டைமனுடனோ ஆட்டினைக் காட்டும். இரண்டிலும் குறைந்தது ஐந்தைந்து சீட்டு வேண்டும். கையும் பலமாக இருக்க வேண்டும். நான்கு பிடிக்கு மேல் நஷ்டமாகாத கை என்பது சார் சொல்லும் கணக்கு. பார்ட்னர் பாஸ் சொல்லாமல், தனக்குப் பொருந்தும் இனத்தைத் தேர்ந்தெடுப்பார்.

ஏன் தாவ வேண்டும்? ‘3 டைமன்’ என்றால் டைமன் ஒன்றை மட்டும் சொன்னதாகிவிடும். தாவல் கேள்விக்கு அந்த இடத்தில் வேறு அவசர வேலை இல்லாததால் இந்த வேலையை அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் விலை உண்டு. துருப்பில்லாமல் 9 பிடியில் முடிக்கும் ‘3’ ஆட்டத்தைத் தாண்டிவிடுகிறோம். பலமில்லாத கையில் இதைக் கேட்டால் அடிதான்.

எதிராளி 1-ல் தொடங்கினால் பழைய மைக்கேல்ஸ் முறை இருக்கிறது. அமெரிக்க ஆட்டக்காரர் மைக் மைக்கேல்ஸ் பெயரில் வழங்குவது. அவன் கேட்ட இனத்தையே 2-ஆகத் திருப்பிக் கேட்க வேண்டும். 1 கிளாவருக்கோ 1 டைமனுக்கோ மேல் அப்படிக் கேட்டால் ஸ்பேடும் ஆட்டினும். 1 ஆட்டினுக்கு மேல் என்றால் ஸ்பேடும், கூடவே கிளாவர் அல்லது டைமனும். இதைச் சாதாரணக் கையிலும் கேட்பார்கள். ஆகவே கை பலமானால் அடுத்த சுற்றில் மீண்டும் பேசியாக வேண்டும்.

நாமே ஏலத்தைத் தொடங்கினால் இடம் தாராளம். இரண்டும் ஐந்தைந்து என்றால் உயர்ந்த இனத்தை முதலில் கேட்டு, அடுத்ததைப் பிறகு கேட்க வேண்டும். கை மிகப் பலமானால் இரண்டாவதை ஒரு படி தாவிக் கேட்க வேண்டும்.

இன்னொன்று முக்கியம். நம் கேள்வியின் பொருளை எதிராளி கேட்டால் சொல்லியாக வேண்டும். ரகசிய சைகை கூடவே கூடாது. 2015-ல் அப்படிப்பட்ட புகார்கள் கிளம்பியதால்தான் இஸ்ரேல், மொனாக்கோ, ஜெர்மனி அணிகள் சென்னைப் போட்டியிலிருந்து விலகின.

கடைசியாக என் கதை. சார் வீட்டுக்குப் ‘படிக்கப் போறேன்’ என்று மட்டும்தான் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். கணக்குப் பாடம் கேட்பது நிஜம்தான், சீட்டை மறைத்துவிட்டேன். ஒரு நாள் பையில் சீட்டுக்கட்டைப் பார்த்துவிட்டார். “ஒங்க தாத்தன் புத்தி அப்படியே வந்திருக்கு” என்றவர் அதன் பிறகு நாலு நாள் பேசவில்லை. அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

ஐந்தாம் நாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவரையே சார் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சூளைப் புழுதியோடு ஓரமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “காசு எங்கடா வைக்கிறீங்க?”

“காசே கெடையாதுப்பா.”

“அப்புறம் இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா?”

நண்பர்களே, அந்த 110-ஐ விட இந்தக் கேள்விதான் எனக்கு உறைத்தது. எங்கள் நாலு பேரில் ஒருவன் படிப்பு முடிந்து போகிறான். ஓர் இடம் காலி. வர விருப்பமுள்ளவர்கள் வரலாம். ஆனால் வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.