பதிகம் இல்லாத பேரூர்

கொங்கு நாட்டில் தேவாரப் பதிகம் பெற்ற திருத்தலங்கள் ஏழு. அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, வெஞ்சமாக்கூடல், கொடுமுடி, கரூர் என்று பெரியவர்கள் விரல்விட்டு எண்ணுவர். அந்த வரிசையில் பேரூர் இல்லை. கோவைக்கு மேற்கே, காஞ்சிமாநதி என்று புராணங்கள் போற்றும் நொய்யலின் கரையில், மேலைச் சிதம்பரம் என்னும் பெயரோடு விளங்கும் பட்டீசுரர் திருக்கோயிலுக்குத் தனிப் பதிகம் ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. சுந்தரர் வந்து வழிபட்ட தலம் என்றால் இந்தக் குறை இன்னும் வியப்பைத் தருகிறது.

ஆயினும் சுந்தரர் பேரூரை மறந்துவிடவில்லை. தில்லையில் அவர் பாடிய பதிகத்தின் நிறைவுப் பாடலில், மேற்குக் கொங்கில் காஞ்சிநதிக் கரையிலுள்ள பேரூர்ப் பெருமானை நினைந்து, அப்பெருமானையே புலியூர்ச் சிற்றம்பலத்தில் பெற்றோம் என்று மகிழ்கிறார். பேரூருக்குக் கிடைத்தது அந்த ஒரு குறிப்பே. அதனால்தான் இதனை வைப்புத் தலம் என்கிறோம். தில்லைக் கூத்தனுக்கு முன் நின்றவருக்குப் பேரூர் ஏன் நினைவுக்கு வரவேண்டும்?

இதற்கு விடை சொன்னவர் சேக்கிழார் பெருமான். சில நூற்றாண்டுகள் கழித்து, 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய அவர், ஏயர்கோன் கலிக்காமர் புராணத்தில் சுந்தரரின் கொங்குநாட்டு யாத்திரையை விரிக்கிறார். கொடுமுடியில் நமச்சிவாயப் பதிகம் பாடிய நம்பி ஆரூரர் பேரூரை அடைகிறார். அங்கே இறைவன் தில்லையில் ஆடும் திருக்கூத்தையே காட்டியருளுகிறான். கண்டவர் உருகுகிறார். தில்லையை மீண்டும் தொழும் விருப்பம் அவருள் எழுகிறது. தில்லைப் பதிகத்தில் பேரூர் வந்த காரணம் இப்போது விளங்குகிறது. பதிகத்தின் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு அதன் பின்னிருந்த அனுபவத்தையே எழுப்பிக் காட்டுவது சேக்கிழாருக்குக் கைவந்த கலை.

அடுத்து வந்தது கல். 17ஆம் நூற்றாண்டில், மதுரை நாயக்கர் காலத்தில், அழகாத்திரி நாயக்கர் கனகசபை மண்டபத்தை எழுப்பினார். சன்னிதிக்கு விரையும் பலர் இம்மண்டபத்தைக் கடந்து போகும் வழியாகவே கொள்வதுண்டு. நடை சாத்திவிடுவார்கள் என்னும் பதற்றம் ஒருபுறம், கூட்டம் மறுபுறம். சற்றே நின்றால் எட்டுப் பெருந்தூண்களில் எட்டு மூர்த்தங்கள் தெரியும். காலை உச்சிவரை தூக்கிய ஊர்த்துவ தாண்டவர், அவரோடு போட்டியிட்டு ஆடிய ஆலங்காட்டுக் காளி, யானைத் தோலைப் பின்னே விரித்துப் பிடித்த கஜசம்ஹாரர், பிட்சாடனர், வீரபத்திரர் இருவர், மயிலேறிய முருகர், விநாயகர். ஆலங்காட்டுக் கதை தெரிந்தவருக்குக் காளி வெறும் சிலை அல்லள். தோற்கப்போகும் கணத்தில் நிற்பவள் அவள். காரைக்காலம்மையார் ஆலங்காட்டில் அண்டமுற நிமிர்ந்தாடும் கூத்தின் கீழ் இருந்த வரலாற்றைப் பெரியபுராணத்தில் படித்துவிட்டு இங்கே வருவோர், ஊர்த்துவ தாண்டவரின் திருவடியை வேறு கண்ணால் காண்பர். கல்லுக்குப் பாட்டு விளக்கு. பாட்டுக்கும் கல் அவ்வாறே விளக்காகும் இடங்கள் உண்டு. மேல்விதானத்தில் தொங்கும் கற்சங்கிலிகளைப் பற்றிப் பேசுவோர் பேசட்டும், அந்த எட்டுத் தூண்களின் முன் அவை சிறு வித்தையே.

18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துக் கச்சியப்ப முனிவர் பேரூர்ப் புராணம் பாடினார். சிவஞான முனிவரின் மாணவர். தணிகைப் புராணம் தந்த பெரும்புலவர். அவருடைய பேரூரில் சுந்தரர் வரும் பகுதியே வேறு. பொன் கேட்டுத் தோழர் வருகிறார் என்றறிந்த இறைவன் அம்மையோடு உழவுத் தொழிலாளியாக வேடம் பூண்டு வயலில் நாற்று நடப் போய்விடுகிறான். நந்தி கண்சாடையால் காட்டிக்கொடுக்கிறார். வந்த கோபத்தில் மண்வெட்டியின் அடி நந்தியின் முகத்தில் விழுகிறது. இதனை நகைச்சுவைக் கதையாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது எளிது. அடியார்க்கு எளியவன் சேற்றில் இறங்கி, குனிந்து நாற்று நடும் காட்சியைச் சாத்திரம் கரைகண்ட ஒரு முனிவர் மனமுவந்து பாடினார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வேளாண்மையே உயிரான கொங்கு மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான திருக்கோலம் எது? ஆனி மாதத்தில் பேரூரில் நடைபெறும் நாற்று நடவுத் திருவிழா இக்கதையை வயலுக்கே கொண்டு செல்கிறது.

இத்தனைக்கும் பின் வந்தவர் கோவை வழக்கறிஞர் சிவக்கவிமணி சி.கே. சுப்பிரமணிய முதலியார் (1878–1961). கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனார் துன்புற்ற நாட்களில் அவருக்குத் துணை நின்றவர். பெரியபுராணத்துக்கு அவர் வகுத்த பேருரை 1930களில் வெளிவரத் தொடங்கி ஏழு பகுதிகளாக நிறைந்தது. நீதிமன்றத்தில் சாட்சியத்தை ஆராய்ந்த பழக்கம் உரையிலும் தெரிகிறது. ஒவ்வொரு சொல்லும் ஏன் இங்கே நின்றது என்று நிறுத்திக் கேட்கிறார். பதிகம் வருமிடத்தில் பதிகக் குறிப்பும், தலம் வருமிடத்தில் தல விசேடமும் தருகிறார். சுவாமி பெயர், அம்மை பெயர், எந்த ரயில் நிலையத்தில் இறங்கி, எத்திசையில், கற்சாலையிலா மட்சாலையிலா, எத்தனை நாழிகை வழி என்பது வரை எழுதிவைத்தார். உரைநூல் ஒன்றில் இவ்விவரம் எதற்கு என்று அந்நாளில் எவரேனும் கேட்டிருக்கலாம். படித்தவர் எழுந்து புறப்பட வேண்டும் என்பதே அவர் கருத்தாக இருந்திருக்க வேண்டும்.

இன்று முழங்கால் ஒத்துழைக்காத அன்பர்களுக்கு அதே குறிப்புகள் வேறு விதத்தில் பயன்படுகின்றன. பல வீடுகளில் அந்தத் தொகுதிகள் பரணில் இருக்கின்றன. இறக்கித் தூசு தட்டி, ஏயர்கோன் கலிக்காமர் புராணத்தில் பேரூர் வரும் இடத்தைப் பேரப்பிள்ளை ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். எழுத்து சிறிதாகத் தோன்றினால் உரை இணையத்திலும் உண்டு; வேண்டிய அளவு பெரிதாக்கிக் கொள்ளலாம். கேட்ட பிள்ளை அடுத்த முறை பேரூருக்குப் போகும்போது, எட்டுத் தூண்களையும் பார்த்துவிட்டு, நந்தியின் முகத்தில் அந்த வடு இருக்கிறதா என்று தேடத்தான் போகிறது.