பால்குடி மறக்கும் பிள்ளைக்கு எவ்வளவு உணவு?

 

கலீபா உமர் (ரழி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. மதீனாவில் வந்து தங்கிய வணிகக் கூட்டத்தினருக்கு உமர் (ரழி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களும் இரவில் காவலிருந்தனர். அவ்வேளை ஒரு பச்சிளங் குழந்தையின் அழுகுரல் கேட்டது. பிள்ளையைக் கவனிக்குமாறு தாயிடம் கூறிவிட்டு உமர் (ரழி) அவர்கள் திரும்பினார்கள். அழுகை ஓயவில்லை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் சென்று வினவியபோது, தம்முடன் பேசுபவர் கலீபா என்பதை அறியாத அத்தாய் உண்மையைக் கூறினார். பால்குடி மறந்த பிள்ளைகளுக்கு மாத்திரமே கலீபா மானியம் வழங்குகிறார். ஆகவே காலம் வருமுன்னரே தாம் பாலை மறக்கடிக்க முயல்வதாகவும், பிள்ளை மறுத்து அழுவதாகவும் அவர் சொன்னார். அன்றைய சுப்ஹுத் தொழுகையில் கலீபாவின் அழுகையினால் அவர்களது ஓதல் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தொழுகை முடிந்ததும், பால்குடி மறக்கடிப்பதில் எவரும் அவசரப்பட வேண்டாம் என்றும், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இனி மானியம் உண்டு என்றும் அறிவிக்கச் செய்தார்கள்.

ஒரு பிள்ளை எப்போது, எவ்வளவு உண்கிறது என்பது அடுக்களைக்குள் மாத்திரம் முடிந்துவிடும் விடயமல்ல என்பதை இச்சம்பவம் நமக்கு உணர்த்துகிறது. திருமறையின் ஸூரத்துல் பகராவின் 233ஆம் வசனம் பாலூட்டலின் பூரண காலத்தை இரண்டு ஆண்டுகள் எனக் குறிப்பிடுகிறது. அதற்கு முன்னர் நிறுத்துவதாயின், தாயும் தந்தையும் மனமொப்பிக் கலந்தாலோசித்தே அதனைச் செய்ய வேண்டும் என்றும் வழிகாட்டுகிறது. இக்கலந்தாலோசனைக்கு அவ்வசனம் கையாளும் சொல் ‘தஷாவுர்’ என்பதாகும்.

ஆயினும் இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவது என்பதன் பொருள், இரண்டு ஆண்டுகளும் பால் மாத்திரமே போதும் என்பதல்ல. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். ஆறு மாதம் பூர்த்தியானதும் தாய்ப்பாலுடன் திண்ம உணவும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும் நமது நாட்டின் சுகாதாரத் திணைக்களத்தின் ஆலோசனையும் இதுவேயாகும். பிறக்கும்போது பிள்ளையின் உடலில் சேமிப்பாக இருந்த இரும்புச்சத்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் குறைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அக்குறையை உணவே ஈடுசெய்ய வேண்டும்.

கோப்பை நிறைந்தது, பிள்ளை வளரவில்லை

எடுத்துக்காட்டாக, யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதியில் உள்ள கோப்பாயில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்கு எட்டு மாதம். நாளுக்கு மூன்று வேளை அரிசிக் கஞ்சி கொடுக்கிறார்கள். பிள்ளையும் மறுக்காமல் குடிக்கிறது. ஆனால் கிளினிக்கில் நிறை பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர், சுகாதாரப் பதிவேட்டிலுள்ள வளர்ச்சிக் கோடு இரண்டு மாதமாக மேலே ஏறவில்லை எனக் காட்டுகிறார். உம்மா கண்கலங்குகிறார். “உன்னுடைய பாலில் சத்தில்லை” என்று வீட்டிலுள்ளோர் அவரையே குறை கூறுகின்றனர்.

குறை உம்மாவின் பாலில் இல்லை, கஞ்சியில் இருக்கிறது. சிறிது கணக்குப் பார்ப்போம். ஒரு பிள்ளையின் இரைப்பை, அதன் உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 30 கிராம் உணவையே கொள்ளும். ஏழு கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு அது ஏறத்தாழ 210 கிராம் ஆகும். ஆறு முதல் எட்டு மாதம் வரையான பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்கு மேலதிகமாக நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி தேவை. ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியில் அரைக் கோப்பை கொடுத்தால் கிடைப்பது ஏறக்குறைய 40 கலோரிதான். மூன்று வேளை கொடுத்தாலும் 120. கோப்பையை நிறைத்துக் கொடுத்தாலோ, அந்நீர் வயிற்றை அடைத்துத் தாய்ப்பாலின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

அதே அரைக் கோப்பையில், குழைய வேகவைத்து மசித்த சோறு, பருப்பு, பூசணி, மீன் ஆகியவற்றுடன் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயும் சேர்ந்தால் 100 கலோரிக்கும் மேல் கிடைக்கும். இரண்டு வேளையிலேயே தேவை பூர்த்தியாகிறது. பிள்ளையின் வயிற்றைப் பெரிதாக்க நம்மால் இயலாது. உணவைக் கெட்டியாக்க நம்மால் இயலும். கரண்டியைச் சற்றுச் சரித்தால் உடனே வழிந்தோடாமல் நிற்கும் பதமே சரியான பதம்.

நம் உம்மும்மாமார் கஞ்சியையே முதலில் நாடுவதை நாம் ஏளனம் செய்தல் கூடாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து அகதி முகாம்களில் பிள்ளை வளர்த்தவர்களும் அவர்களுள் உளர். அளந்து கிடைத்த நிவாரண அரிசியில் அவர்கள் காட்டிய சிக்கனம் பல உயிர்களைக் காத்தது. இன்று அதே அன்புடன் கஞ்சியின் நீரைக் குறைக்குமாறு அவர்களைக் கேட்போம்.

வயதுக்கேற்ற அளவு

உலக சுகாதார நிறுவனம் 250 மில்லிலீற்றர் கொள்ளும் கோப்பையைக் கொண்டு அளவு கூறுகிறது.

ஆறு மாதம் பூர்த்தியானதும் ஒரு வேளைக்கு இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி மசித்த உணவுடன் தொடங்கி, எட்டு மாதமளவில் அரைக் கோப்பை வரை படிப்படியாகக் கூட்ட வேண்டும். நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை கொடுக்கலாம்.

ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை அரைக் கோப்பை வீதம் மூன்று அல்லது நான்கு வேளை. இப்போது நன்றாக மசிக்காமல், சிறு துணுக்குகளாக நறுக்கிப் பழக்க வேண்டும். பிள்ளை விரலால் எடுத்து உண்ணவும் விட வேண்டும்.

ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை முக்கால் கோப்பை தொடக்கம் ஒரு கோப்பை வீதம் மூன்று அல்லது நான்கு வேளை. பசிக்கேற்ப இடையில் ஓரிரு சிற்றுணவும் கொடுக்கலாம்.

இக்காலம் முழுவதும் தாய்ப்பால் தொடர வேண்டும். ஓராண்டு நிறையும் வரை பிள்ளையின் சக்தித் தேவையில் பாதி அல்லது அதற்கு மேல் தாய்ப்பாலிலிருந்தே கிடைக்கிறது. இரண்டாம் ஆண்டிலும் மூன்றிலொரு பங்கு கிடைக்கிறது.

கோப்பையில் எது இருக்க வேண்டும்?

முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றை ஓராண்டு வரை தள்ளிவைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது தவறாகும். 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல், ஆறு மாதத்திலிருந்தே இத்தகைய உணவுகளையும் பழம், மரக்கறி ஆகியவற்றையும் நாள்தோறும் கொடுக்குமாறு கூறுகிறது. முழு முட்டையை நன்றாக அவித்து மசித்துக் கொடுக்கலாம். ஈரல், முள் நீக்கிய மீன் ஆகியன சிறந்தவை.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. அந்நாட்களில் பல வீடுகளில் முட்டையும் மீனும் எட்டாப் பொருள்களாயின. கைச்சுருக்கமான காலத்தில், கழுவி உப்பகற்றி வறுத்துப் பொடித்த நெத்தலி, பயறு, பருப்பு, முருங்கைக்கீரை என்பன கைகொடுக்கும். ஒரு வீட்டில் ஒரேயொரு முட்டை இருக்குமாயின், அது வளரும் பிள்ளையின் கோப்பைக்கே உரியது.

தேநீரில் தோய்த்த விசுக்கோத்தைத் தவிர்த்துக் கொள்ளுங்கள். தேநீர் இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கிறது. ஓராண்டு நிறையுமுன் தேன் கொடுத்தலாகாது. அதிலிருக்கக்கூடிய கிருமிவித்துகள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கக்கூடும். உப்பும் சீனியும் சேர்க்க வேண்டாம். முழு நிலக்கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

நீரிலும் கவனம் தேவை

கோப்பாயை உள்ளடக்கிய வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். பயிருக்கு இடும் பசளையும் மலசலகூடக் குழிகளின் கசிவும் அதனூடாக நிலத்தடி நீரை அடைகின்றன. இதனால் குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று அதிகரித்திருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதற்கு மேற்பட்ட நீரில் கரைத்த பால்மா, சிறு குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் குறைத்து உடலை நீலம்பாரிக்கச் செய்யலாம். கொதிக்க வைப்பதால் கிருமிகள் அழியும். நைத்திரேற்று அழியாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது இவ்வாபத்திலிருந்தும் ஒரு பாதுகாப்பு அல்லவா? அதன் பின்னர் பிள்ளையின் உணவுக்குப் பரிசோதிக்கப்பட்ட நீரையே பயன்படுத்துங்கள்.

வற்புறுத்தலும் புறக்கணிப்பும் வேண்டாம்

மேலே கூறிய அளவுகள் வழிகாட்டியே அன்றிச் சட்டமல்ல. எதை, எப்போது, எந்தப் பதத்தில் கொடுப்பது என்பது பெற்றோரின் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கும். வாய் திறந்து முன்னே சாய்ந்தால் அது பசி. முகத்தைத் திருப்பி, உதட்டை இறுக மூடினால் அது போதுமென்ற சொல். மூக்கைப் பொத்தி ஊட்டுவது பிள்ளைக்கு உணவின் மீது அச்சத்தையே வளர்க்கும். காய்ச்சலின்போது தாய்ப்பாலை அதிகமாகவும், உணவைச் சிறிது சிறிதாக அடிக்கடியும் கொடுங்கள். குணமடைந்தபின் இரண்டு வாரங்களுக்கு நாளுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். வளர்ச்சிக் கோடு தளர்ந்தால் அயலாரின் பேச்சைக் கேட்டுக் கலங்காமல் குடும்பநல உத்தியோகத்தரையோ வைத்தியரையோ நாடுங்கள்.

வாப்பாமாரே! திருமறை கூறும் ‘தஷாவுர்’ உங்களையும் சேர்த்தே அழைக்கிறது. அடுத்த கிளினிக் நாளில் உங்கள் துணைவியுடன் நீங்களும் செல்லுங்கள். பதிவேட்டின் கோட்டை உங்கள் கண்ணாலே பாருங்கள். ஒரு பிள்ளையின் அழுகுரலுக்காக மூன்று முறை எழுந்து சென்ற கலீபாவின் வழியில் நாமும் நடக்க வேண்டாமா?

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும், அவர்களைப் பேணி வளர்க்கும் அறிவையும் பொறுமையையும் நமக்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.