கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன்: ஒரு மேடவாக்கத்துப் பெட்டியைத் திறந்து பார்த்த குறிப்புகள்

கேமிங் பிசி பற்றித் தேடினால் "50 ஆயிரத்துக்குள் எது பெஸ்ட்" என்கிற மாதிரிப் பட்டியல்கள்தான் அதிகம் கிடைக்கும். புதுசா வாங்குறவங்களுக்கு அது சரி. ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஐந்தாறு வருஷப் பெட்டி ஒன்று ஓடுது, கையில் கொஞ்சம் பணம் இருக்கு, எதை மாற்றுவது? இந்தக் கேள்விக்குப் பட்டியல் பதில் சொல்லாது. பெட்டியைத்தான் கேட்கணும். எப்படிக் கேட்பது என்பதைப் பற்றியது இந்தக் குறிப்பு.

உதாரணத்துக்கு எங்கள் குடியிருப்பின் மாடி வீட்டுப் பெட்டியையே எடுத்துக்கொள்கிறேன். 2019-இல் அசெம்பிள் செய்தது. ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர்4 ராம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ். அந்த வருஷங்களில் நம்ம ஊரில் ஏராளமான வீடுகளுக்குப் போன கூட்டணி இது. பையன் இப்போது எஞ்சினியரிங் முதலாம் ஆண்டு. கேம் நடுவில் திக்கித் திக்கி நிற்குதுன்னு புகார். ஒரு கடையில் கேட்டதற்கு "எல்லாமே பழசு சார், மொத்தமா மாத்திடுங்க" என்று 90 ஆயிரத்துக்கு மேல் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவிடம் இருந்தது 30 ஆயிரம். மீதிக்கு இஎம்ஐ போடலாமா என்று யோசித்தவர், "ஒரு தடவை நீங்க பாத்துச் சொல்லுங்க சார்" என்று வந்தார்.

யார் யாருக்காகக் காத்திருக்கிறார்?

திரையில் வருகிற ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு பேர் உழைப்பு இருக்கு. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போச்சு என்கிற கணக்கைப் போட்டு, வரைய வேண்டியதைத் தயார் செய்வது ப்ராசஸர். அதை வரைந்து முடிப்பது கிராஃபிக்ஸ் கார்டு. நொடிக்கு 60 ஃபிரேம் வரணும்னா ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான் நேரம். 144 ஃபிரேம் என்றால் 6.9.

பரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மாவை வீசிச் சுருட்டித் தருகிறார், இன்னொருவர் கல்லில் போட்டு எடுக்கிறார். வீசுகிறவர் மெதுவாக இருந்தால், கல்லை எவ்வளவு பெரிசாக மாற்றினாலும் பரோட்டா வேகமாக வராது. கல் சும்மா காய்ந்துகொண்டிருக்கும். அப்கிரேடு என்ற பெயரில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி இப்படிக் கல்லை மாற்றுவதில் போவதுதான்.

கண்டுபிடிக்க செலவே இல்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் கேம் ஓடும்போதே திரையின் ஓரத்தில் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, சூடு எவ்வளவு, ராம் எவ்வளவு போகிறது என்று காட்டும். கார்டு 97, 98 சதவீதத்தில் நின்றால் கார்டுதான் தடை. 60 சதவீதத்தில் நின்றும் கேம் திக்கினால், கார்டு காத்திருக்கிறது என்று அர்த்தம். உறுதி செய்ய ஒரு சோதனை: ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எகிறினால் தடை கார்டில். அப்படியே நின்றால் தடை ப்ராசஸரிலோ ராமிலோ.

மாடி வீட்டுப் பெட்டியில் இரண்டு கேமில் பார்த்தோம், இரண்டு பதில் வந்தது. வேலரண்ட் ஓடும்போது கார்டு பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வேலை செய்தது. ராம் 8 ஜிபியும் நிறைந்திருந்தது. சைபர்பங்க் 2077-இல் கார்டு முழுக்க மூச்சு வாங்கியது. ஆக "எது பழசு?" என்று கேட்பதில் பிரயோஜனமில்லை, "நீ எதை விளையாடுறே?" என்றுதான் கேட்கணும். பையன் தினமும் விளையாடுவது வேலரண்ட். அப்போ அவனுக்கு முதல் தேவை கார்டு இல்லை.

பைசா செலவில்லாத அப்கிரேடு

வாங்குவதற்கு முன் சும்மா கிடைப்பதை எடுத்துக்கணும்.

ராம் பெட்டியில் 3200 என்று போட்டிருக்கும். ஆனால் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை ஆன் செய்யாதவரை அது 2133, 2400, 2666 என்று ஏதோ ஒரு குறைந்த வேகத்தில்தான் ஓடும். பல வீடுகளில் வாங்கின நாளிலிருந்தே இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கு. முதல் தலைமுறை ரைசன்களுக்கு ராம் வேகம் ரொம்ப முக்கியம், அதனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது மானிட்டர். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு விண்டோஸில் 60-லேயே விட்டுவைத்திருப்பவர்கள் உண்டு. டிஸ்பிளே செட்டிங்ஸில் போய் ஒரு தடவை பாருங்கள்.

சும்மாவுக்கு அடுத்தபடி, கொஞ்சம் காசில் கிடைப்பது இரண்டாவது ராம். டிடிஆர்4-3200 ஒரு குச்சி நொடிக்கு 25.6 ஜிபி தரவைக் கடத்தும். இன்னொன்றை மதர்போர்டு கையேடு சொல்லும் சரியான ஸ்லாட்டில் போட்டால் இரண்டு பாதை திறக்கும், 51.2 ஆகும். ஒற்றை 16-ஐ விட இரண்டு 8 நல்லது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வெயில் எந்த பெஞ்ச்மார்க்கிலும் வராது

யூட்யூபில் சோதனை செய்கிறவர் பெரும்பாலும் 20, 22 டிகிரி ஏசி அறையில் உட்கார்ந்திருப்பார். மே மாதம் மேடவாக்கத்தில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை மதியம் 36 டிகிரி இருப்பது சாதாரணம். அறைச் சூடு 14 டிகிரி ஏறினால் உள்ளே சிப்பின் சூடும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். அங்கே 75-இல் ஓடியது இங்கே 90-ஐத் தொடும். எல்லை நெருங்கினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "காலையில் நல்லா ஓடுது, சாயங்காலம் லேக் ஆகுது" என்ற புகாருக்குப் பின்னால் பல தடவை இதுதான் இருக்கும்.

தூசி இதோடு சேரும். வேளச்சேரி–தாம்பரம் சாலைப் போக்குவரத்து போதாதென்று மெட்ரோ வேலைக்கும் தோண்டியதில் ஜன்னலைத் திறந்தால் ஒரே வாரத்தில் மேசையில் பெயர் எழுதலாம். அந்தப் பெட்டியின் முன்பக்கம் வலைக்குப் பதில் முழுக் கண்ணாடி. உள்ளே ஹீட்சிங்க் இடுக்கில் கம்பளி மாதிரித் தூசி. புளோயரால் ஊதி (ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளணும், தாறுமாறாகச் சுற்றவிடக் கூடாது), காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, முன்னால் காற்று இழுக்க ஒரு ஃபேன் வைத்ததில் ப்ராசஸர் சூடு நன்றாக இறங்கியது.

கார்டு சூடானால் ஆஃப்டர்பர்னரிலேயே பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்குக் குறைக்கலாம். ஃபிரேம் சில சதவீதம்தான் குறையும், சூடும் சத்தமும் அதைவிட அதிகமாகக் குறையும். இன்னொன்று, கீழ் வீட்டில் இருப்பவர்கள் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் சமயத்தில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர் எதுவரை வந்தது என்பது நமக்குத் தெரியும்.

கரண்ட் கணக்கு

ஜிடிஎக்ஸ் 1650-க்கு 75 வாட் போதும். அதை மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பல மாடல்களில் தனி ஒயரே கிடையாது. அதனால்தான் கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ் இத்தனை வருஷம் தாக்குப் பிடிக்கிறது. புதிய கார்டு அப்படி இல்லை. ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட், ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட், கூடவே 8 பின் ஒயர் வேண்டும். கார்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, மாட்ட ஒயர் இல்லாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டிக்கரில் 450 வாட் என்று போட்டிருப்பது மட்டும் போதாது. 12 வோல்ட் பாதையில் எவ்வளவு ஆம்ப் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் கார்டுக்கும் ப்ராசஸருக்கும் உண்மையில் கிடைக்கும் வாட். கார்டு வாங்கும் திட்டம் இருந்தால், நல்ல எஸ்எம்பிஎஸ் அதற்கு முன்னால் வரணும்.

யுபிஎஸ்ஸிலும் கவனம் வேண்டும். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது பெரும்பாலும் 360 வாட். 3060 போட்ட பெட்டியும் மானிட்டரும் கேம் நேரத்தில் அதை எளிதாகத் தொட்டுவிடும். கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் கத்திவிட்டு அணைந்துபோகும். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டியிருந்தால், பின்னால் உள்ள ஸ்விட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா பாருங்கள். எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லிசெகண்ட்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்குள் பெட்டி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

இபி பில்லையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 300 வாட் பெட்டி தினம் 3 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். ஏற்கெனவே ஏசியோடு 470 யூனிட்டில் நிற்கும் வீட்டை இது 500-க்கு மேல் தள்ளிவிடும். தாண்டினால் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் மாறும். 115 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரிக் கார்டுகளை நம்ம ஊரில் யோசிக்க இதுவும் ஒரு காரணம்.

அதே போர்டில் புது ப்ராசஸர்

ஏஎம்டி 2017-இல் ரைசனைக் கொண்டுவந்தபோது வைத்த ஏஎம்4 சாக்கெட்டுக்கு, 2022-இலும் புது ப்ராசஸர்கள் வந்தன. ரைசன் 5 5600 அந்த வருஷம் ஏப்ரலில் வந்தது. பி450 போர்டு அதை ஏற்கும், பயாஸை மட்டும் அப்டேட் செய்யணும். மதர்போர்டையும் ராமையும் அப்படியே வைத்துக்கொண்டு சில வருஷம் புதிய ப்ராசஸருக்குப் போகலாம் என்பது பெரிய விஷயம். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதால் ராம் விலை எகிறியது. மைக்ரான் தன் குரூசியல் பிராண்டு சில்லறை வியாபாரத்திலிருந்தே விலகுவதாக டிசம்பரில் அறிவித்தது. இந்த நேரத்தில் கையிலிருக்கும் டிடிஆர்4-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு டிடிஆர்5-க்கு மாறச் சொல்வது யாருக்கு லாபம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கை. பயாஸ் அப்டேட்டைப் பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே செய்யணும், யுபிஎஸ் மேல் வைத்துத்தான் செய்யணும். பாதியில் கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காது. இரண்டாவது, கூலரை நேராக இழுக்காதீர்கள். பெட்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, சூடு இருக்கும்போதே லேசாகத் திருகி எடுங்கள். இல்லாவிட்டால் ப்ராசஸர் பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பின்னோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

மொத்தமா மாற்றணும்னு எப்போ சொல்லலாம்?

கடைக்காரர் சொல்வது எப்போதும் பொய்யுமில்லை. ஐ5 7400 மாதிரி ஏழாம் தலைமுறை இன்டெல் வைத்திருந்தால் வழி அங்கேயே முடிகிறது. அடுத்து வந்த எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151 பின்தான், ஆனால் பழைய போர்டில் வேலை செய்யாது. விண்டோஸ் 11-ம் அந்த ப்ராசஸரை அதிகாரபூர்வமாக ஏற்காது; விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அங்கே 30 ஆயிரத்தைக் கொட்டுவதைவிடக் காத்திருந்து சேர்த்து மாற்றுவதே புத்திசாலித்தனம்.

ரிச்சி ஸ்ட்ரீட் போனால்

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஆன்லைன் விலையைப் பார்த்துவிட்டுப் போய், நாலு கடை கேளுங்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். வாரண்டி பேசும்போது அதுதான் கைகொடுக்கும்.

பழைய கார்டு வாங்கினால் கண்ணெதிரே 20 நிமிஷமாவது கேம் ஓடவிட்டுப் பார்க்கணும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறையை விட்டதும், இரவு பகலாக உழைத்த கார்டுகள் உலகம் முழுக்க செகண்ட் ஹேண்டில் இறங்கின. அவை இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கும். புதுசிலும் ஒன்றைப் பாருங்கள்: பி450 போர்டு பிசிஐஇ 3.0. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நாலே பாதை உள்ள கார்டு அதில் பெரிதாக அடிவாங்கும். 6600, 4060 இரண்டிலும் எட்டுப் பாதை, பெரிய நஷ்டம் இருக்காது.

மாடி வீட்டில் கடைசியில் வாங்கியது இவ்வளவுதான்: சோதித்துப் பார்த்த ஒரு செகண்ட் ஹேண்ட் 8 ஜிபி ராம், ரைசன் 5 5600, ஒரு ஃபேன், ஒரு நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ். 30 ஆயிரத்துக்குள் முடிந்து கொஞ்சம் மிச்சமும் ஆனது. வேலரண்டில் திக்கல் நின்றது. சைபர்பங்க் இன்னும் குறைந்த செட்டிங்ஸில்தான் ஓடுது. அதற்கு 8 ஜிபி மெமரி உள்ள கார்டு வேண்டும், அதை இன்டர்ன்ஷிப் பணத்தில் தானே வாங்கிக்கொள்வதாகப் பையன் சொல்லியிருக்கிறான். எஸ்எம்பிஎஸ் இப்போதே தயாராக இருப்பதால் அன்றைக்கு கார்டை மட்டும் வாங்கி மாட்டினால் போதும்.