கேள்விமேற் கேள்வி

சீட்டாட்டம் என்றதும் முகஞ்சுளிப்போர் உளர். பணம் வைத்து ஆடுமிடத்து அது நியாயமே. ஆயினும், கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் விடுமுறை மாலைகளிற் பழைய மாணவர் கூடி ஆடும் 304 என்னும் ஆட்டம், கணக்கையும் நிதானத்தையும் ஒருங்கே பயிற்றுவது. அதன்கண் ஒரு நுட்பத்தை ஈண்டு விளக்குவாம்.

நால்வர் இருவிருவராய்ச் சேர்ந்து 32 சீட்டுக்களால் ஆடுவர். ஓரினத்தில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறுஞ்சீட்டுக்கள். ஆக 76, நான்கினத்துக்கும் 304. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டே கிடைக்கும். எஞ்சியவற்றைக் காணுமுன்னரே, இத்தனை புள்ளி எடுப்போமெனக் கேட்டல் வேண்டும். இடத்துக்கிடம் விதி சிறிது வேறுபடினும், 160 இற் கேள்வி தொடங்குதலே வழக்கம். அதிகங் கேட்டவரே துரும்பைக் குறிப்பார்.

எதிரி கேட்டதன்மேல் நாம் ஏற்றிக் கேட்கலாமா? மேனாட்டார் ஆடும் போக்கரிலும் இவ்வினா உண்டு. இரு சீட்டுக்கள் மாத்திரமே கையிலிருக்க, பொதுச்சீட்டுக்கள் மூன்று விரிக்கப்படுமுன், ஒருவர் ஏற்றிய பந்தயத்தை மற்றொருவர் மீண்டும் ஏற்றுவர். தேர்ந்தோர் கூறுவது இது: முதற்கேள்விக்குப் போதிய கை மேற்கேள்விக்குப் போதாது. எதிரியும் வலியன் என்பது இப்போது தெரிந்துவிட்டதன்றோ?

கணக்கிட்டுப் பார்ப்போம். 160 கேட்டவர் எதிரிக்கு 144 வரை விட்டுக்கொடுக்கலாம். 200 கேட்டவர் 104 மாத்திரமே விடலாம். எதிரியிடம் ஓரினத்து ஜாக்கியும் ஒன்பதும் இருப்பின் அவையே 50. இனி, நாம் வேண்டும் சீட்டு, காணாத 28 இல் ஒன்று. அது நமது அடுத்த நான்கில் வருதல் ஏழிலொரு பங்கு; துணைவரிடம் அமைதல் ஏழிலிரு பங்கு; எஞ்சிய நான்கு பங்கும் எதிரிகட்கே. ஜாக்கி, ஒன்பது, ஆசு மூன்றும் ஓரினத்தில் நம்மிடம் இருப்பின் மேற்கேள்வி தகும்.

முன்னொருநாள் ஒரு வீட்டு விறாந்தையில், ஜாக்கியும் ராஜாவும் ராணியுமே துணையாக, எதிரி 180 கேட்டமை பொறாது நாம் 200 கேட்டோம். நம்பியிருந்த ஒன்பது எதிரி கையில் இருந்தது. வென்றார் பெறுவதிலும் தோற்றார் இழப்பது மிகுதி என்பது இவ்வாட்டத்தின் முறை. அவ்விழப்பு, ஒன்றுங் கேளாதிருந்த துணைவருக்கும் உரியதாயிற்று. அவர் பேசாது சீட்டுக்களை அடுக்கினார். ஏசியிருப்பின் நமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

ஆதலின் மாணவரே, ஏற்றிக் கேட்குமுன் உம்மையே ஒன்று வினவுக: எதிரி வாய் திறவாதிருந்தாலும் இத்தொகையைக் கேட்டிருப்பேனா? இல்லையெனின், பேசுவது வீம்பே. எதிரே அமர்ந்திருக்கும் துணைவரை ஒருமுறை நோக்கி, அமைதியாய் இருந்துவிடுக.